செகண்ட் ஹேண்ட் மின்சார வேன் வாங்குவது எப்படி: மிச்சமிருக்கும் யூனிட்டுக்குத்தான் விலை

டீசல் வண்டி வாங்கிப் பழகியவர் கண் முதலில் ஓடோமீட்டருக்குப் போகும், பிறகு காது இன்ஜினுக்குப் போகும், கடைசியில் புகைக்குழாயைப் பார்ப்பார். சின்ன மின்சார வேனில் இந்தப் பழக்கம் கைகொடுக்காது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. 90,000 கிலோமீட்டர் ஓடிய வேன், 40,000 ஓடி வெயிலில் முழு சார்ஜோடு நின்றே கிடந்த வேனைவிட நல்ல நிலையில் இருக்கலாம். இங்கே விலையைத் தீர்மானிப்பவை இரண்டே கேள்விகள். பேட்டரியில் இன்னும் எத்தனை யூனிட் நிற்கும்? அந்தப் பேட்டரி சட்டப்படி உங்களுக்குச் சொந்தமாகுமா?

யூனிட் என்று இங்கே வருவதெல்லாம் மின்கட்டண ரசீதில் வரும் அதே யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி. 24 யூனிட் பேட்டரி, 40 யூனிட் பேட்டரி என்று பேசிக்கொண்டால் எல்லாக் கணக்கும் எளிதாகிவிடும்.

1. வண்டியைத் தேடும் முன் உங்கள் ஓட்டத்தை அளங்கள்

இப்போது ஓட்டும் வண்டியில் இரண்டு வாரம், தினமும் காலையிலும் இரவிலும் கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். சராசரி உங்களுக்குத் தேவையில்லை. அந்த இரண்டு வாரத்தில் அதிகம் ஓடிய நாள்தான் கணக்கு. சராசரியை நம்பி வாங்கியவர்கள்தான் மாதத்தில் மூன்று நாள் பாதி வழியில் சார்ஜ் தேடி அலைகிறார்கள்.

சின்ன மின்சார வேன் நகர ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 0.18 முதல் 0.25 யூனிட் வரை எடுக்கும். நின்று நின்று போவதால் பெரிய நஷ்டமில்லை, வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் மோட்டார் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தரும். மைலேஜைக் குடிப்பது வேகம். புறவழிச்சாலையில் 90-ல் போனால் மேல் எல்லையையும் தாண்டும். கடுங்குளிர் உள்ள ஊரில் கேபின் ஹீட்டர் மட்டும் 3 முதல் 5 கிலோவாட் வரை இழுக்கும். ஒரு மணி நேரம் முழுதாக ஓடினால் 3 யூனிட்டுக்கு மேல் போய்விடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அதிகபட்ச நாள் 70 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 0.2 யூனிட் என்றால் 14 யூனிட். 15% கையிருப்பு வைத்தால் 16.5. பேட்டரி வருடத்துக்கு 2 முதல் 3% வரை தேயும் என்று வைத்து, மூன்று வருடம் கழித்தும் இதே ஓட்டம் வேண்டும் என்றால், இன்று கிட்டத்தட்ட 18 யூனிட் நிற்க வேண்டும். ஹீட்டருக்குத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். இந்த 18 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொண்டுதான் வண்டி பார்க்கப் போக வேண்டும்.

24 யூனிட் என்று பெயர்ப்பலகை சொன்னாலும் புதிதிலேயே சுமார் 22 தான் ஓட்டத்துக்குக் கிடைக்கும். மீதியைப் பேட்டரி தன் பாதுகாப்புக்காக ஒதுக்கி வைத்துக்கொள்ளும். அது 80% ஆரோக்கியத்துக்கு, அதாவது புதிதில் நின்றதில் 80%-க்கு, வந்திருந்தால் 17.6. மயிரிழையில் தவறுகிறது. 40 யூனிட் பேட்டரி 75%-க்கு இறங்கியிருந்தாலும் 27-க்குக் குறையாமல் நிற்கும். எந்த வண்டியைத் தேட வேண்டும் என்பது இந்த இடத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

விளம்பரத்தில் போடும் ரேஞ்சை நம்பாதீர்கள். நிசான் இ-என்வி200-ல் 24 யூனிட் வண்டிக்குப் பழைய ஐரோப்பியச் சோதனை முறையில் 170 கிலோமீட்டர் என்று போட்டார்கள். 2018-ல் வந்த 40 யூனிட் வண்டிக்குப் புதிய டபிள்யூஎல்டிபி முறையில் 200. பேட்டரி மூன்றில் இரண்டு பங்கு கூடியிருக்க, ரேஞ்ச் 30 கிலோமீட்டர்தான் கூடியதா? இல்லை, மாறியது அளவுகோல். இரண்டு வெவ்வேறு முறைகளில் வந்த எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். யூனிட்டை மட்டும் பாருங்கள்.

2. சார்ஜ் போடும் இடத்தை வண்டிக்கு முன்னால் முடியுங்கள்

வண்டி ஒரு வாரத்தில் கிடைத்துவிடும். மின் இணைப்பின் சுமையைக் கூட்டிக்கொள்ள அனுமதி, தனி மீட்டர், கட்டட உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் ஆகியவை வாரக்கணக்கில் இழுக்கும். வாங்கிய வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, பொதுச் சார்ஜரில் அதிக விலைக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டிருப்பது முதல் மாத லாபத்தைத் தின்றுவிடும்.

எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. 14 யூனிட் ஓட்டத்துக்குச் செலவானால் சுவரிலிருந்து சுமார் 16 யூனிட் இழுக்க வேண்டும், 10 முதல் 15% வரை சூடாகவே போய்விடும். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட், 7 மணி நேரம். 16 ஆம்பியர் என்றால் 3.7 கிலோவாட், நாலேகால் மணிக்குக் கொஞ்சம் கூட. 32 ஆம்பியர் என்றால் 7.4 கிலோவாட், இரண்டேகால் மணிக்குள். இரவு முழுக்க வண்டி நிற்கும் தொழிலுக்கு 16 ஆம்பியரே தாராளம்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, வேகத்தை முடிவு செய்வது சுவரில் மாட்டும் பெட்டி மட்டுமல்ல, வண்டிக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜரும்தான். பழைய வேன்கள் பலவற்றில் அது 3.3 அல்லது 6.6 கிலோவாட். 22 கிலோவாட் பெட்டி வாங்கி மாட்டினாலும் வண்டி எடுத்துக்கொள்வது அவ்வளவுதான். இரண்டாவது, சாதாரண வீட்டு பிளக் பாயிண்ட். மிக்ஸிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் போட்ட பாயிண்டில் எட்டு மணி நேரம் விடாமல் 10 ஆம்பியர் ஓடினால் தளர்ந்த இணைப்பு சூடாகி உருகும். ஃபியூஸ் போர்டிலிருந்தே தனி வயர் இழுங்கள். 32 ஆம்பியருக்குக் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தூரம் அதிகமென்றால் 10. எர்த் நன்றாக இருக்க வேண்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி, மின்வண்டிக்குரிய வகையாக, அதாவது டிசி (நேர்மின்னோட்ட) கசிவையும் உணர்வதாக இருக்க வேண்டும். சாதாரண ஆர்சிடி டிசி கசிவில் மரத்துப்போய், ஆபத்து வரும்போது விழாமல் இருந்துவிடலாம்.

வீட்டு இணைப்பில் வியாபார வண்டிக்கு ஏற்றலாமா, எந்தக் கட்டணப் பிரிவில் வரும், இரவில் விலை குறைவா என்பதை மின் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வழிப் பதில் மீட்டர் சோதனைக்கு வருபவரிடம் செல்லாது.

3. போனிலேயே கழித்துக்கட்ட வேண்டியவை

நேரில் போவதற்கு முன் ஐந்து கேள்விகள் போதும். பேட்டரி எத்தனை யூனிட்? சொந்தமா, வாடகையா? சார்ஜ் பிளக் எந்த வகை? டிசி ஃபாஸ்ட் சார்ஜ் உண்டா? வண்டி இதுவரை என்ன வேலை பார்த்தது?

வாடகைப் பேட்டரி என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். ரெனால்ட் காங்கூ இசட்.இ. போன்ற வண்டிகள் பல நாடுகளில் பேட்டரியை மாத வாடகைக்கு வைத்தே விற்கப்பட்டன. வேன் விற்பவருடையது, பேட்டரி வேறொரு நிறுவனத்துடையது. விலை ஆச்சரியமாகக் குறைவாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். புது உரிமையாளர் அந்த வாடகை ஒப்பந்தத்தைத் தன் பெயருக்கு மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் பேட்டரியை மொத்தமாக விலைக்கு வாங்க வேண்டும். வாடகையிலும் ஒரு நன்மை உண்டு, ஆரோக்கியம் ஒப்பந்தத்தில் எழுதிய அளவுக்குக் கீழே போனால் மாற்றிக் கொடுக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. ஆனால் மாதா மாதம் கட்டும் தொகையை டீசல் மிச்சத்தில் கழித்த பிறகு கையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

பிளக்கும் முக்கியம். இ-என்வி200-ல் சாதாரண சார்ஜுக்கு டைப் 1, வேகச் சார்ஜுக்கு சாடெமோ என்ற தனி வகைப் பிளக். உங்கள் ஊர்ப் பொதுச் சார்ஜர்களில் டைப் 2-வும், வேகச் சார்ஜுக்கு சிசிஎஸ்-ஸும் மட்டுமே இருந்தால், வண்டி வாசலை விட்டு வெளியே வேகமாகச் சார்ஜ் ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டைப் 2-விலிருந்து டைப் 1-க்கு கேபிள் கிடைக்கும், அது எளிது. சாடெமோ விஷயம் அப்படியல்ல. காங்கூ இசட்.இ.-யின் 22, 33 யூனிட் வண்டிகளில் டிசி வேகச் சார்ஜே கிடையாது. இரவில் மட்டும் ஏற்றி நாள் முழுக்க ஓட்டுபவருக்கு இது ஒரு குறையே இல்லை. மதியம் ஒரு முறை ஏற்றியே ஆக வேண்டிய ஓட்டம் என்றால் அந்த வண்டியை அங்கேயே விடுங்கள்.

4. தாள்களைப் புரட்டுங்கள், வண்டியைத் தொடுவதற்கு முன்

பதிவுச் சான்றிதழில் இருக்கும் பெயரும் உங்களிடம் பேசுபவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா? நிறுவனத்தின் பெயரில் இருந்தால் விற்க அதிகாரம் கொடுத்த கடிதம் வேண்டும். சேஸிஸ் நம்பரைச் சான்றிதழில் பார்த்து, வண்டியின் உடம்பில் பொறித்ததோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பேட்டரிப் பெட்டிக்கும் தனி வரிசை எண் உண்டு. சர்வீஸ் மையத்தில் அதைப் படித்து, இந்த வண்டியோடு வந்த பேட்டரிதானா என்று சொல்லிவிடுவார்கள். மாற்றுப் பேட்டரி என்றால் தவறில்லை, ஆனால் அதற்கு ரசீது வேண்டும்.

கடன் பாக்கி. விற்பவர் "முடித்துவிட்டேன்" என்பார். கடன் கொடுத்த நிறுவனம் தரும் நிலுவையின்மைக் கடிதமும், பதிவேட்டிலிருந்து அடமானக் குறிப்பு நீங்கியதற்கான சான்றும் ஆகிய இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. எல்லா ஆவணங்களிலும் அதிக நாள் இழுப்பது இதுதான்.

அரசு மானியம் வாங்கிய வண்டியா என்று கேளுங்கள். சில திட்டங்களில் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்றால் மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதுவரை பெயர் மாற்றமும் தடைபடலாம்.

பேட்டரி வாரண்டி தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரை படியுங்கள். 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று பெரிய எழுத்தில் இருக்கும். எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், இரண்டாவது உரிமையாளருக்குச் செல்லுமா, வாடகைக்கு ஓட்டினால் செல்லுமா, வருடாந்தரப் பேட்டரிப் பரிசோதனை தவறினால் ரத்தா என்பவை சின்ன எழுத்தில் இருக்கும். சர்வீஸ் புத்தகத்தில் ஒரு வருடம் விட்டுப்போயிருந்தால் வாரண்டியும் அதோடு போயிருக்கலாம். உற்பத்தியாளரின் சர்வீஸ் மையத்தில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, வாரண்டி உயிரோடு இருக்கிறதா, செய்யாமல் விட்ட ரீகால் வேலை ஏதும் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பதிவு எந்த வகையில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியில் கூலிக்குச் சரக்கு ஏற்றினால் விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். காப்பீட்டிலும் சொந்தச் சரக்கு வேறு, பிறர் சரக்கைக் கூலிக்குக் கொண்டுபோவது வேறு. உள்ளதைச் சொல்லி விலை கேளுங்கள். பேட்டரியும் சார்ஜ் கேபிளும் காப்பீட்டுக்குள் அடக்கமா, வெள்ளநீர்ச் சேதம் அடக்கமா என்ற இரண்டையும் தனியாகக் கேட்க வேண்டும்.

5. பேட்டரியை மூன்று வழியில் அளங்கள்

ஒரே அளவீட்டை நம்பாதீர்கள். காரணம் எளிது: டாஷ்போர்டு காட்டும் ஆரோக்கியத்தை ஏமாற்ற முடியும். பேட்டரியைக் கவனிக்கும் பிஎம்எஸ் என்ற கட்டுப்பாட்டுக் கருவியின் கணக்கை ஒருவர் அழித்து வைத்தால், தேய்ந்த பேட்டரியும் சில வாரத்துக்குப் புதுசு போலக் காட்டும். நிசான் வண்டிகளில் டாஷ்போர்டில் 12 கட்டங்கள் உண்டு, முதல் கட்டம் போவதற்குள்ளேயே சுமார் 15% தேய்ந்திருக்கும். ஆக, 12 கட்டமும் இருக்கிறது என்பது தன்னளவில் பெரிய செய்தி இல்லை. பழைய வண்டியில் 12 கட்டமும் பளிச்சென்று இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

முதல் வழி, வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவி. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஒரு சின்ன புளூடூத் கருவியைச் சொருகி, போனில் அந்தந்த வண்டிக்குரிய ஆப்பைத் திறந்தால் ஆரோக்கிய விழுக்காடு, செல்களின் வோல்ட்டேஜ், வெப்பநிலை எல்லாம் வரும். இ-என்வி200-க்கு லீஃப் ஸ்பை என்ற ஆப் வேலை செய்யும், எத்தனை முறை வேகச் சார்ஜ் ஏற்றினார்கள் என்ற எண்ணிக்கைகூட அதில் தெரியும். விற்பவர் கருவியைச் சொருக விடமாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள்.

ஆரோக்கிய விழுக்காட்டைவிட செல் வோல்ட்டேஜ்தான் உண்மை பேசும். நல்ல பேட்டரியில், சார்ஜ் பாதிக்கு மேல் இருந்து வண்டி நிற்கும்போது, மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்த செல்லுக்கும் இடையே 20, 30 மில்லிவோல்ட்தான் வித்தியாசம் இருக்கும். சார்ஜ் 20%-க்கு வந்ததும் மறுபடி பாருங்கள். எல்லா செல்களும் சேர்ந்து இறங்கினால் அது வயது. ஒரே ஒரு செல் மட்டும் 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் பள்ளமாக விழுந்தால் அது நோய். இ-என்வி200-ன் 96 செல் ஜோடிகளில் ஒன்று சோர்ந்தாலும் வண்டி அந்த ஒன்றின் அளவுக்குத்தான் ஓடும், வரிசையில் கோர்த்த செல்களின் இயல்பே அது. இந்த நோயை, அந்த செல் இருக்கும் மாட்யூலை (செல் தொகுப்பை) மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடியும், அதைச் செய்யத் தெரிந்த பட்டறை பக்கத்தில் இருந்தால்.

இரண்டாவது வழி, ஓட்டிப் பார்ப்பது. முழு சார்ஜில் வண்டியை வாங்கி, ட்ரிப் மீட்டரையும் சராசரிச் செலவு மீட்டரையும் பூஜ்யமாக்கி, குறைந்தது 35 கிலோமீட்டர் ஓட்டுங்கள். உதாரணமாக 38 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 0.2 யூனிட் என்றால் 7.6 யூனிட் செலவு. சார்ஜ் 100-லிருந்து 55-க்கு இறங்கியிருந்தால் 45%. 7.6-ஐ 0.45-ஆல் வகுத்தால் 16.9 யூனிட். புதிதில் 22 என்றால் இப்போது 77%.

மூன்றாவது வழி, ஏற்றிப் பார்ப்பது. 20%-லிருந்து 100% வரை, தனி மீட்டர் உள்ள பாயிண்டில் ஏற்றுங்கள். மீட்டரில் 16 யூனிட் ஓடியது என்றால் இழப்பு போக பேட்டரிக்குள் போனது 14 சொச்சம். அதை 0.8-ஆல் வகுத்தால் 17.6, அதாவது 80%. ஓட்டியபோது 77, ஏற்றியபோது 80. இவ்வளவு வித்தியாசம் சகஜம். டாஷ்போர்டு மட்டும் 92 என்று சொன்னால், யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரியில் ஒரு எச்சரிக்கை. சார்ஜ் இறங்கும்போது அதன் வோல்ட்டேஜ் நடுவில் கிட்டத்தட்ட மாறாமலேயே நிற்கும், அதனால் சார்ஜ் விழுக்காட்டை வண்டியே தப்பாக ஊகிக்கும். வாரக்கணக்கில் முழு சார்ஜ் காணாத வண்டியில் 30% காட்டிக்கொண்டே இருந்து திடீரென 8-க்கு விழலாம். சோதனைக்கு முன் ஒரு முறை 100% வரை ஏற்றி, சார்ஜ் தானாக நிற்கும்வரை விட்டுவைக்கச் சொல்லுங்கள். 80-லிருந்து 60 வரை ஓட்டிக் கணக்குப் போடாதீர்கள், அகலமான இடைவெளி வேண்டும்.

6. சார்ஜ் ஆவதையும் கண்ணால் பாருங்கள்

ஆன்போர்டு சார்ஜர் கெட்டால் பெரிய செலவு. பிளக்கைச் சொருகிவிட்டு ஒரு நிமிடத்தில் கிளம்பாதீர்கள், அரை மணி நேரமாவது நில்லுங்கள். சூடேறிய பிறகு நின்றுபோகும் சார்ஜர்கள் உண்டு. டிசி வசதி இருந்தால் பக்கத்துப் பொதுச் சார்ஜரில் பத்து நிமிடம் ஏற்றுங்கள், அது வேறு பாதை, வேறு ரிலே. பிளக் வாயின் ஊசிகளில் கருப்புத் தீய்ச்சல், உருகிய பிளாஸ்டிக், உடைந்த பூட்டுக் கொக்கி ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். டெலிவரி வேன்களில் ஒரு நாளைக்கு நாலு முறை பிளக் ஏறி இறங்கியிருக்கும்.

வண்டியோடு வந்த போர்ட்டபிள் சார்ஜரையும் கேபிளையும் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "அலுவலகத்தில் இருக்கிறது, அப்புறம் அனுப்புகிறேன்" என்றால் இல்லை என்று அர்த்தம். அதன் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

7. உடம்பு, அடிப்பாகம், ஓட்டம்

வண்டியை லிஃப்டில் ஏற்றாமல் வாங்கக் கூடாது. பேட்டரிப் பெட்டி தரைக்கு மிக அருகில் தொங்குகிறது. ஜாக்கிக்கு ஒதுக்கிய இடத்தை விட்டு பேட்டரிப் பெட்டியிலேயே ஜாக்கி கொடுத்துத் தூக்கும் டயர் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. நசுங்கல், கீறல், கசிவு, துரு, திறந்து மூடிய போல்ட்டுகள் ஆகியவற்றைத் தேடுங்கள். ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தம், சுமார் 400 வோல்ட் வரை. பார்க்கலாம், கைவைக்கக் கூடாது.

தண்ணீரில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க சீட்டுக்கு அடியில் உள்ள இணைப்பிகளிலும் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து அதன் அடி நுனியிலும் வண்டல் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் சர்வீஸ் மையத்தில் இன்சுலேஷன் சோதனை, அதாவது உயர் மின்னழுத்தம் வண்டியின் உடம்புக்குக் கசிகிறதா என்ற சோதனை, செய்யச் சொல்லுங்கள். மின்வண்டிப் பாதுகாப்புக்கான ஐநா ஆர்100 விதிப்படி வோல்ட்டுக்குக் குறைந்தது 500 ஓம், டிசி பகுதி தனியாக இருந்தால் 100 ஓம். நல்ல வண்டி இதைவிடப் பல மடங்கு காட்டும். எல்லைக்கு அருகில் காட்டும் வண்டி அடுத்த மழைக்குத் தாங்காது.

சரக்குத் தளத்தில் முந்தைய உரிமையாளர் அலமாரி அடித்திருந்தால் திருகு எங்கே இறங்கியிருக்கிறது என்று கீழிருந்து பாருங்கள். பேட்டரி தளத்துக்கு அடியிலேயே இருக்கும் வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு துளை போட்டவர்கள் உண்டு.

பிரேக்கில் மின்வண்டிக்கே உரிய கோளாறு ஒன்று: தேயாமல் துருப்பிடிப்பது. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பின்சக்கர பிரேக்குகள் வேலையில்லாமல் இறுகிக் கிடக்கும். ஓட்டிப் பார்த்ததும் நாலு சக்கரத்திலும் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் சுட்டால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது ரேஞ்சையும் தின்னும். டயரில் உள்ஓரத் தேய்மானத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பல வேன்களில் டயரின் அளவுக்குப் பின்னால் சரக்கு வண்டிக்குரிய 'சி' குறி இருக்க வேண்டும். மலிவுக்காகக் கார் டயர் மாட்டி விற்பது அடிக்கடி நடக்கிறது.

ஆக்சிலரேட்டரை மிதித்து விட்டு, மிதித்து விட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் 'டக்' என்று அடித்தால் மோட்டார் மவுண்ட் அல்லது ஆக்சில் மூட்டு தேய்ந்திருக்கிறது. வேகம் கூடக்கூட ஊளையிட்டால் கியர் பெட்டி பேரிங். ஸ்லைடிங் கதவைப் பத்து முறை திறந்து மூடுங்கள், டெலிவரி வேனில் அதிகம் உழைத்த பாகம் அதுதான்.

சுமை: அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்து வருவதுதான் உங்களுக்கு. 600 கிலோ என்றால் அதில் டிரைவர், உதவியாள், அலமாரி, கூரைக் கம்பி எல்லாம் அடக்கம். ஆட்களுக்கு 150-ம் அலமாரி, கம்பிக்கு 60-ம் போனால் சரக்குக்கு 390. தண்ணீர் கேன், டைல்ஸ் ஏற்றுபவர்களுக்கு இடம் பாதி நிரம்பும் முன்பே எடை நிரம்பிவிடும்.

8. விலை பேசும் கணக்கு

மின்வண்டியில் மிச்சம் எவ்வளவு? டீசல் சின்ன வேன் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்தால், அதே தூரத்துக்குச் சுவரிலிருந்து சுமார் 3.2 யூனிட் போதும். ஒரு லிட்டர் டீசல் விலையிலிருந்து 3.2 யூனிட்டின் விலையைக் கழித்து, 14-ஆல் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கான மிச்சம் வரும். அதை வருட ஓட்டத்தால் பெருக்குங்கள். பொதுச் சார்ஜரில் ஏற்றும் பங்குக்கு அந்த விலையைப் போடுங்கள், இந்த இடத்தில்தான் பலரின் கணக்கு பொய்யாகிறது.

விலைக்கு மேல் வரும் செலவுகளை முன்பே எழுதுங்கள்: பெயர் மாற்றக் கட்டணமும் வரியும், காப்பீடு, சார்ஜ் பாயிண்டும் வயரிங்கும், சர்வீஸ் மையப் பரிசோதனைக் கட்டணம், ஒரு செட் டயர், 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரி முழுதாக மாற்ற வேண்டி வந்தால் அது பழைய வேனின் விலையையே தாண்டலாம். வாரண்டி முடிந்த வண்டிக்கு, வாரண்டி உள்ள வண்டியின் விலையைக் கொடுக்காதீர்கள்.

பேரம் பேசும்போது "பேட்டரி வீக்காக இருக்கிறது" என்று சொன்னால் பேச்சு எங்கும் போகாது. "புதிதில் 22, இப்போது 17" என்று தாளைக் காட்டுங்கள்.

9. பணம் கொடுக்கும் வரிசை

முன்பணம் சிறிதாக, ரசீதோடு. ஒப்பந்தத்தில் சேஸிஸ் நம்பர், பேட்டரி வரிசை எண், ஓடிய கிலோமீட்டர், அளந்த நாளும் அளந்த ஆரோக்கிய விழுக்காடும், பேட்டரி வாடகையில் இல்லை என்ற வரி, கேபிளும் இரண்டு சாவியும் சேர்த்தி என்ற வரி ஆகியவை இருக்க வேண்டும். கடன் நீங்கியது பதிவேட்டில் ஏறும்வரை மீதியைத் தராதீர்கள். அவசரமென்றால் நிலுவையை நீங்களே நேராகக் கடன் நிறுவனத்தில் கட்டி, மிச்சத்தை விற்பவருக்குக் கொடுப்பது பாதுகாப்பு.

எடுக்கும் நாளில், விற்பவர் பக்கத்தில் நிற்கும்போதே, அவர் போனில் உள்ள வண்டி ஆப்பிலிருந்து வண்டியை நீக்கச் சொல்லுங்கள். மறந்தால் வண்டி எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், சில வண்டிகளில் சார்ஜையே அவர் நிறுத்த முடியும். கம்பெனி வண்டியாக இருந்ததென்றால் ஒட்டியிருக்கும் ஜிபிஎஸ் கருவியையும் கழற்ற வேண்டும், அது 12 வோல்ட் பேட்டரியை இரவெல்லாம் உறிஞ்சும்.

10. முதல் மாதம்

12 வோல்ட் பேட்டரி நாலு வருடத்துக்கு மேல் பழையதென்றால் கேட்காமல் மாற்றிவிடுங்கள். பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் காலையில் வண்டி 'ரெடி' ஆகாமல் நிற்பதற்கும், டாஷ்போர்டில் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் வரிசையாக எரிவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். பின் பிரேக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள், கியர் பெட்டி ஆயிலும் கூலண்ட்டும் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் அவற்றையும்.

என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) வகைப் பேட்டரியை ஓட்டம் இல்லாத நாட்களில் 100%-ல் நிறுத்தி வைக்காதீர்கள், 50-லிருந்து 70 போதும். எல்எஃப்பி-யை வாரம் ஒரு முறை முழுதாக ஏற்றுங்கள். வெயிலில் ஓடி வந்ததும் பிளக்கைச் சொருகாமல் ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். தானாகச் சார்ஜ் தொடங்கும் நேரத்தை நள்ளிரவுக்கு மேல் வைத்துவிட்டால் சூடும் ஆறியிருக்கும், இரவுக் கட்டணம் உள்ள ஊரில் காசும் மிஞ்சும்.

ஒரு நோட்டில் வாரத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: ஓடிய கிலோமீட்டர், மீட்டரில் ஏறிய யூனிட். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வரும் எண் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து ஏறினால் முதலில் டயர் காற்றையும், பிறகு ஒட்டிய பிரேக்கையும் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஓபிடி கருவியைச் சொருகி செல் வித்தியாசத்தையும் அதே நோட்டில் குறித்து வையுங்கள். வாரண்டி கேட்டுப் போகும் நாளில் அந்த நோட்டைத்தான் மேசையில் வைக்கப் போகிறீர்கள்.